அடுக்குத் தரவை வகையுடைய பொருள்களாக மாற்றுதல்

அடுக்குத் தரவை வகையுடைய பொருள்களாக மாற்றுதல் என்பது, ஒரு வலைச்சேவை எழுத்து வடிவில் அனுப்பும் தரவை, நிரலில் முன்கூட்டியே வரையறுத்து வைத்துள்ள வகுப்புகளின் பொருள்களாக அமைத்துக்கொள்ளும் பணியாகும். நிரலாளர்கள் இதை டீசீரியலைசேஷன் என்றும் பார்சிங் என்றும் மேப்பிங் என்றும் சொல்வர். மூன்றும் ஒன்றல்ல, ஆயினும் பேச்சில் கலந்தே வழங்குகின்றன.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் உலக நிலநடுக்கங்களைப் பற்றி வெளியிடும் தரவு இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. கடவுச்சொல்லோ கட்டணமோ இல்லாமல் எவரும் அதைப் பெறலாம். கடந்த ஒரு மணி நேரம், ஒரு நாள், ஏழு நாள், முப்பது நாள் எனத் தனித்தனி ஓடைகள் உண்டு. பயிற்சிப் புத்தகங்களில் வரும் செயற்கையான மாணவர் பட்டியலைவிட இது பயனுள்ளது. இப்பணியில் ஒருவர் சந்திக்கக்கூடிய இடர்கள் ஏறத்தாழ எல்லாமே இதில் இயல்பாகவே இருக்கின்றன.

ஜேசன் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

இன்றைய வலைச்சேவைகளில் பெரும்பாலானவை ஜேசன் என்ற வடிவத்தில் தரவை அனுப்புகின்றன. டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2000-களின் தொடக்கத்தில் இதைப் பரப்பினார். 2006-இல் ஆர்எஃப்சி 4627 என்ற ஆவணமாகவும், 2013-இல் எக்மா-404 என்ற தரமாகவும் வெளிவந்தது. 2017 டிசம்பரில் வெளியான ஆர்எஃப்சி 8259 இப்போது நடைமுறையில் உள்ளது.

ஜேசனில் இருக்கக்கூடிய மதிப்புகள் மிகச் சில: பொருள், அணி, சரம், எண், உண்மை அல்லது பொய், நல் எனப்படும் வெறுமை. அவ்வளவுதான். தேதி என்று ஒரு வகை அதில் இல்லை. முழு எண், தசம எண் என்ற பாகுபாடு இல்லை. அட்சரேகை, கிலோமீட்டர், மில்லிநொடி போன்ற பொருண்மைகள் எவையும் இல்லை. 30 என்று வந்தால் அது 30 மட்டுமே. முப்பது கிலோமீட்டரா, முப்பது மீட்டரா, முப்பது பேரா என்பதை ஜேசன் சொல்லாது. அந்த அறிவு சேவையின் விளக்க ஆவணத்தில் இருக்கிறது. அதை நிரலுக்குள் கொண்டுவரும் இடமே வகுப்பு. ஆகவே வகையுடைய பொருளாக மாற்றுவதை வெறும் வசதி என்று கொள்ளக்கூடாது. தரவின் பொருளுக்கு நிரலாளர் பொறுப்பேற்கும் இடம் அது.

சான்றுத் தரவு

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே ஏற்பட்ட நிலநடுக்கம், இந்த ஓடையின் அமைப்பில் எவ்வாறு இருக்கும் என்பதைக் கீழே காணலாம். மூலத்தில் புலப்பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். ஜேசனில் புலப்பெயர் எந்த ஒருங்குறி எழுத்திலும் இருக்கலாம் என்பதால், இங்கே தமிழ்ப் பெயரிட்டுக் காட்டியிருப்பதும் செல்லுபடியாகும் ஜேசனே. முக்கியமான புலங்கள் மட்டும் தரப்பட்டுள்ளன.

{
  "வகை": "நிகழ்வுத் தொகுப்பு",
  "நிகழ்வுகள்": [
    {
      "வகை": "நிகழ்வு",
      "விவரம்": {
        "அளவு": 9.1,
        "இடம்": "சுமத்ரா - அந்தமான் தீவுகள்",
        "நேரம்": 1104022733000,
        "வகை": "நிலநடுக்கம்"
      },
      "வடிவியல்": {
        "வகை": "புள்ளி",
        "ஆயங்கள்": [95.982, 3.295, 30]
      }
    }
  ]
}

வெளியே ஒரு பொருள், அதற்குள் ஓர் அணி, அணிக்குள் நிகழ்வுகள், ஒவ்வொரு நிகழ்வுக்குள்ளும் இரண்டு பொருள்கள், அவற்றில் ஒன்றனுள் மீண்டும் ஓர் அணி. பாத்திரக்கடையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும் பாத்திரங்களைப் போன்றது இது. அடுக்கின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வகுப்பு எழுதுவதே பொதுவான முறை:

வகுப்பு தொகுப்பு
  நிகழ்வுகள் : நிகழ்வு-களின் பட்டியல்

வகுப்பு நிகழ்வு
  விவரம் : நிகழ்வு விவரம்
  வடிவியல் : புள்ளி

வகுப்பு நிகழ்வு விவரம்
  அளவு : தசம எண்?
  இடம் : சரம்?
  நேரம் : 64 பிட் முழு எண்
  வகை : சரம்

வகுப்பு புள்ளி
  ஆயங்கள் : தசம எண்களின் பட்டியல்

வகைக்குப் பின்னுள்ள கேள்விக்குறி, இந்த மதிப்பு இல்லாமலும் போகலாம் என்பதைக் குறிக்கும். கோட்லின், ஸ்விஃப்ட், சி ஷார்ப் ஆகிய மொழிகளில் இதே குறியீடு வழக்கில் உள்ளது.

அடுக்குகளைக் கலைத்து எல்லாப் புலங்களையும் ஒரே வகுப்பில் போட்டுவிட்டால் வேலை சுருங்குமே என்று சிலருக்குத் தோன்றும். மேலுள்ள சான்றில் 'வகை' என்ற பெயர் எத்தனை இடங்களில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான்கு இடங்களில் நான்கு வெவ்வேறு பொருளில் வருகிறது. மூலத் தரவிலும் இதே நிலைதான். அடுக்கைக் கலைத்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். எது எஞ்சியது என்பது நிரல் எந்த வரிசையில் படித்தது என்பதைப் பொறுத்ததாகிவிடும்.

மாற்றும் கருவி எப்படி வேலை செய்கிறது

ஜாவாவில் ஜாக்சன், ஜிசான், சி ஷார்ப்பில் நியூட்டன்சாஃப்ட், ரஸ்ட்டில் செர்டி, பைத்தானில் பைடான்டிக் எனப் பல கருவிகள் உள்ளன. ஸ்விஃப்ட் மொழியில் 2017-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து கோடபிள் என்ற ஏற்பாடு மொழியோடு சேர்ந்தே வருகிறது. உள்ளே நடப்பது எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 'தொகுப்பு' என்ற வகுப்பைக் கேட்டால், கருவி அதன் புலங்களைப் பார்க்கிறது. 'நிகழ்வுகள்' என்ற புலம் 'நிகழ்வு' வகுப்பின் பட்டியல் என்று கண்டதும், அணியின் ஒவ்வோர் உறுப்புக்கும் தன்னையே மறுபடி அழைத்து 'நிகழ்வு' ஒன்றை உருவாக்கச் சொல்கிறது. அது 'விவரம்' கேட்கிறது. இப்படியே உள்ளே இறங்கி, எண்ணோ சரமோ வந்ததும் நின்று, கட்டிய பொருளை ஒவ்வொரு படியாக மேலே கொடுக்கிறது. ஜாவா, சி ஷார்ப் கருவிகள் பெரும்பாலும் நிரல் ஓடும்போது வகுப்பின் அமைப்பை ஆராய்ந்து இதைச் செய்கின்றன. ஸ்விஃப்ட்டிலும் ரஸ்ட்டிலும் இதற்கான நிரல் தொகுக்கப்படும்போதே எழுதப்பட்டுவிடுகிறது.

பாதி மாற்றம்

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. மாற்றம் நடந்தது போலத் தோன்றும், நடந்திருக்காது.

பைத்தானில் டேட்டாகிளாஸ் என்ற வசதி 2018-இல் வெளியான 3.7 பதிப்பில் சேர்க்கப்பட்டது. ஜேசனைப் படித்துக் கிடைத்த டிக்ஷனரியை டேட்டாகிளாஸ் ஒன்றில் விரித்துக் கொடுத்தால், வெளிப்பொருள் மட்டுமே உருவாகும். உள்ளே 'விவரம்' இன்னும் டிக்ஷனரியாகவே இருக்கும். புலத்துக்கு நேரே 'நிகழ்வு விவரம்' என்று எழுதியிருந்தாலும் பைத்தான் அதைச் சரிபார்ப்பதில்லை. அது ஒரு குறிப்பு மட்டுமே. பிறகு வேறெங்கோ 'விவரத்தின் அளவு' என்று கேட்கும்போது பிழை வரும். பைடான்டிக் போன்றவை உள்ளடுக்கு வரை இறங்கி மாற்றுகின்றன, சரிபார்க்கவும் செய்கின்றன. அதனாலேயே அவை பரவலாயின.

ஜிசானில் வேறு விதமான சிக்கல். ஜாவா, தொகுப்பின்போது 'நிகழ்வு-களின் பட்டியல்' என்பதிலிருந்து 'நிகழ்வு' என்பதை அழித்துவிட்டு வெறும் 'பட்டியல்' என்று வைத்துக்கொள்கிறது. எனவே பட்டியலை மட்டும் கேட்டால் கருவிக்கு உள்ளே என்ன வகை என்று தெரியாது. ஒரு பொதுவான மேப்பைப் போட்டு நிரப்பிவிடும். டைப்டோக்கன் என்ற துணை வகுப்பின் மூலம் முழு வகையைச் சொல்ல வேண்டும்.

டைப்ஸ்கிரிப்ட்டின் நிலை இன்னும் விந்தையானது. அதில் எழுதும் வகைகள் அனைத்தும், நிரல் ஜாவாஸ்கிரிப்ட் ஆகும்போது மறைந்துபோகின்றன. வந்த தரவை 'இது தொகுப்பு வகை' என்று அறிவித்தால் தொகுப்பி அதை நம்பிக்கொள்ளும்; தரவைத் திறந்துகூடப் பார்க்காது. மாணவர் சொன்ன வயதை அப்படியே பதிவேட்டில் ஏற்றி, பிறப்புச் சான்றிதழைக் கேட்காமல் விடுவது போன்றது. சோதித்து மாற்ற வேண்டுமானால் ஓடும்போது வேலை செய்யும் தனிக் கருவி தேவை.

சுழியமும் தெரியாததும்

மேற்கண்ட பிழைகளாவது என்றேனும் நிரலை நிறுத்திவிடும். நிறுத்தாத பிழைகளே கேடு மிக்கவை.

நிலநடுக்க ஓடையில் 'உணர்ந்தோர்' என்றொரு புலம் உண்டு. நிலநடுக்கத்தை உணர்ந்ததாகப் பொதுமக்கள் அனுப்பிய அறிக்கைகளின் எண்ணிக்கை அது. அறிக்கை எதுவும் இல்லாதபோது நல் என்று வரும். ஆழ்கடலில் நடந்ததற்கு அறிக்கை அனுப்ப யாரும் இருக்கமாட்டார்கள். அளவு என்ற புலத்திலும் சில வேளை நல் வருவதுண்டு.

கோ மொழியில் இப்புலத்தைச் சாதாரண எண்ணாக அறிவித்திருந்தால், நல் வந்தாலும் புலமே வராவிட்டாலும் அங்கே 0 இருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஜாக்சன் 2-இல், சிறிய எழுத்தில் தொடங்கும் டபுள் வகையைப் போட்டால் நல் என்பது இயல்பு அமைப்பில் 0.0 ஆகும், பெரிய எழுத்தில் தொடங்கும் டபுள் வகையைப் போட்டால் நல் என்றே நிற்கும். ஓர் எழுத்தில் இத்தனை வேறுபாடு. சி ஷார்ப்பின் புதிய ஜேசன் கருவியில், வெறுமையை ஏற்காத எண் புலத்துக்கு நல் வந்தால் பிழை எழும். ஆனால் புலமே வராமலிருந்தால் சத்தமில்லாமல் 0 ஆகும். ஸ்விஃப்ட்டின் கோடபிள் இரண்டையும் பிழையாகவே கொள்ளும், கேள்விக்குறி போட்டிருந்தால் ஒழிய. இவற்றுள் ஸ்விஃப்ட்டின் கண்டிப்பே கற்பவருக்கு ஏற்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

0 ஆனால் என்ன குறை என்று கேட்கலாம். நிலநடுக்க அளவுமுறை மடக்கை சார்ந்தது. ஆகவே 0 என்பதும் உண்மையான அளவே. கருவிக்கு மிக அருகில் நிகழும் நுண்ணதிர்வுகளுக்கு எதிர்மறை அளவுகூட வரும். அளவிடப்படாத நிகழ்வு ஒன்று அளவு 0 என்று பட்டியலில் ஏறினால், அதைப் பின்னர் வேறுபடுத்திக் காண வழியே இல்லை. சராசரி தாழும், வரைபடத்தில் இல்லாத ஒரு நுண்ணதிர்வு தோன்றும். தேர்வில் சுழியம் எடுத்த மாணவரையும் தேர்வுக்கே வராத மாணவரையும் மதிப்பெண் பதிவேட்டில் ஒரே குறியால் எழுதும் ஆசிரியர் இருக்கமாட்டார். நிரல் மட்டும் அப்படி எழுதலாமா?

எனவே ஒவ்வொரு புலத்துக்கும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இது நல் ஆகலாமா? வராமலே போகலாமா? 0 என்பதற்குத் தனிப் பொருள் உண்டா? விடை ஆவணத்தில் இருக்கும். இல்லையெனில் உண்மைத் தரவை ஒரு நாள் முழுதும் சேகரித்துப் பார்த்தாவது அறியலாம்.

பெயரும் வகையின் ஒரு பகுதியே

அதே ஓடையில் 'சுனாமி' என்ற புலம் உள்ளது. 0 அல்லது 1 என்ற எண்ணாக வரும். இதைப் பார்த்தவுடன் உண்மை/பொய் வகையாக மாற்றி, 'சுனாமி வருகிறதா' என்று பெயரிடத் தோன்றும். வகை மாற்றம் சரி, பெயர் தவறு. கடற்பகுதியில் நிகழ்ந்த பெரிய நிகழ்வுகளுக்கு இந்தக் குறி இடப்படுகிறது. சுனாமி உண்மையில் ஏற்பட்டதையோ ஏற்படப்போவதையோ இது காட்டாது என்று அந்நிறுவனமே ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. 'பெருங்கடல் நிகழ்வுக் குறி' என்பது போன்ற பெயரே பொருத்தம்.

2004-இல் நிலம் அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை 6.28-க்கு, தமிழகக் கரையை அலை எட்டியது இரண்டு மணி நேரத்துக்கும் பிறகு. அந்த இடைவெளியில் மக்களிடம் செய்தி சேர்க்க இந்தியப் பெருங்கடலுக்கென அன்று ஏற்பாடு இல்லை. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் 2007 முதல் முன்னெச்சரிக்கை மையம் இயங்கிவருகிறது. எச்சரிக்கை அங்கிருந்துதான் வர வேண்டும். ஒரு மாணவர் ஆர்வத்தில் எழுதும் கைப்பேசிச் செயலி, தவறாகப் பெயரிட்ட ஒரு புலத்தை நம்பிச் சிவப்புத் திரை காட்டினால் கடற்கரைக் குப்பங்களில் வீண் பதற்றம் எழும். 0 என்று இருப்பதை 'ஆபத்தில்லை' என்று காட்டினால் அதைவிட மோசம்.

அணியில் ஒளிந்திருக்கும் மூன்று எண்கள்

'ஆயங்கள்' என்ற அணியில் 95.982, 3.295, 30 என மூன்று எண்கள் உள்ளன. எது எது என்பதை வரிசைதான் சொல்கிறது. ஓடையின் அமைப்பு ஜியோஜேசன் எனப்படும். 2016-இல் ஆர்எஃப்சி 7946 ஆக வெளிவந்தது. அதன்படி முதலில் தீர்க்கரேகை, பிறகு அட்சரேகை. நாம் பள்ளியில் சொல்லிப் பழகிய வரிசைக்கு இது நேர்மாறு. கைப்பேசி வரைபடங்களும் பெரும்பாலும் அட்சரேகையையே முதலில் கேட்கும்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? சுமத்ரா நிகழ்வுக்கு அட்சரேகை 95.982 என்று ஆகும். 90-க்கு மேல் அட்சரேகை இல்லையாதலால் சரிபார்ப்பு வைத்திருந்தால் பிடிபடும். சென்னைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சென்னை ஏறத்தாழ வடக்கு 13.08, கிழக்கு 80.27. இடம் மாறினால் வடக்கு 80.27, கிழக்கு 13.08 என்றாகி, நார்வேக்குச் சொந்தமான சுவால்பார்டு தீவுகளுக்குச் சற்று வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். எண்கள் இரண்டும் எல்லைக்குள்ளேயே இருப்பதால் எந்தச் சரிபார்ப்பும் இதைப் பிடிக்காது.

மூன்றாம் எண் இன்னும் நுட்பமானது. ஆர்எஃப்சி 7946-இன்படி மூன்றாம் எண் மீட்டரில் உயரம். இந்த ஓடையிலோ அது கிலோமீட்டரில் ஆழம். பொதுவான ஜியோஜேசன் கருவி ஒன்றிடம் கொடுத்தால், 30 கிலோமீட்டர் ஆழத்தில் நடந்ததை 30 மீட்டர் உயரத்தில் நடந்ததாக எடுத்துக்கொள்ளும்.

தீர்வு எளிது. அணியை நிரல் முழுதும் அலைய விடாமல், வாசலிலேயே 'தீர்க்கரேகை', 'அட்சரேகை', 'ஆழம்-கிமீ' என்ற மூன்று பெயருடைய புலங்களாக மாற்றிவிட வேண்டும். அதன்பின் முதலாவது, இரண்டாவது என்று நிரலில் எங்கும் எழுதக்கூடாது.

நேரமும் பெரிய எண்களும்

1104022733000 என்பது 1970 சனவரி 1 நள்ளிரவு முதல், உலகப் பொது நேரப்படி கடந்த மில்லிநொடிகள். 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2147483647 மட்டுமே. எனவே 64 பிட் தேவை. மில்லிநொடியை நொடி என்று கொண்டால் கி.பி. 36,900-ஐத் தாண்டிய ஓர் ஆண்டு கிடைக்கும். அதைக் கண்டால் எவரும் சிரித்துவிட்டுத் திருத்துவர். மாறாக, நொடியைக் கொடுக்கும் சேவையிடமிருந்து வாங்கி மில்லிநொடி என்று கொண்டால் 1970 சனவரி 13 என்று வரும். பழைய பதிவு போலிருக்கிறது என்று கண் தாண்டிவிடக்கூடும்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் எண்கள் எல்லாம் மிதவைப் புள்ளி எண்களே. 9007199254740992-க்கு மேற்பட்ட முழு எண்கள் அனைத்தையும் அதனால் துல்லியமாக வைத்திருக்க முடியாது. இறுதியில் 993 என்று முடிவது 992 என்றாகிவிடும். 2010-இல் ட்விட்டர் தன் பதிவுகளுக்கு 64 பிட் அடையாள எண்களைக் கொடுக்கத் தொடங்கியபோது இதே சிக்கல் எழுந்தது. அதற்காக அந்த எண்ணையே சரமாகவும் தரும் இன்னொரு புலத்தைச் சேர்த்தார்கள். கூட்டிக் கழிக்கப் போகாத எண்ணைச் சரமாகவே வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு எல்லாம் அவ்வகையே.

எதிர்பாராத மதிப்புகள்

உள்ளடுக்கில் உள்ள 'வகை' என்ற புலத்தில் நிலநடுக்கம் என்று மட்டும் வருவதில்லை. கற்குவாரி வெடி, வேறு வெடிப்பு போன்றவையும் வரும். இதை ஈனம் எனப்படும் எண்ணுவகையாக எழுதினால், 'பிற' என்றும் ஓர் உறுப்பு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உலகின் ஏதோ ஒரு மூலையில் குவாரியில் வைத்த வெடிக்காக உங்கள் பட்டியல் முழுவதும் மாறாமல் நின்றுபோகும். அடுக்குத் தரவில் ஓர் உள்ளுறுப்பின் பிழை வெளிப்பொருள் வரை ஏறி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நூறு நிகழ்வுகளில் ஒன்று கெட்டால் அதை மட்டும் குறித்துவைத்து மற்றவற்றை ஏற்பதா, முழுவதையும் மறுப்பதா என்பதை நிரலாளர்தான் முடிவு செய்ய வேண்டும். நிலநடுக்கப் பட்டியலுக்கு முதல் வழி பொருந்தும். வங்கிக் கணக்குக்குப் பொருந்தாது.

புதிய புலங்கள் வந்தால் ஜிசான் பொருட்படுத்தாது. ஜாக்சன் 2 இயல்பு அமைப்பில் பிழை காட்டி நிற்கும். பிறர் நடத்தும் சேவையைப் படிக்கும்போது தெரியாத புலத்தைப் புறக்கணிப்பதே நடைமுறைக்கு உகந்தது.

இரண்டு வகுப்புத் தொகுதிகள்

சற்றுப் பெரிய நிரல்களில், வந்த தரவின் வடிவத்தை அப்படியே ஒத்த வரவு வகுப்புகள் ஒரு தொகுதியாகவும், நிரல் உண்மையில் பயன்படுத்தும் சொந்த வகுப்புகள் இன்னொரு தொகுதியாகவும் வைக்கப்படும். இடையே ஒரு சிறு செயற்கூறு: நான்கு அடுக்கைப் படித்து, 'நிலநடுக்கம்' என்ற ஒரே தட்டையான பொருளைத் தரும். ஆயங்களைப் பெயரிடுவதும் மில்லிநொடியைத் தேதியாக்குவதும் சுனாமிக் குறிக்குச் சரியான பெயர் வைப்பதும் அங்கேதான் நடக்கும். முன்பு தவறென்று சொன்ன தட்டையாக்கம் இங்கே தவறில்லை. எந்த 'வகை' எங்கே போகிறது என்பதை நாமே ஒவ்வொன்றாக எழுதுகிறோமே.

இந்தச் செயற்கூற்றைச் சோதிக்க இணையம் தேவையில்லை. ஒரு நாள் ஓடையைக் கோப்பாகச் சேமித்துக்கொண்டு, அதன் நான்கு படிகளை எடுத்து, ஒன்றில் அளவை நல் ஆக்கி, ஒன்றில் 'உணர்ந்தோர்' புலத்தையே நீக்கி, ஒன்றில் வகையைப் புதிதாக எழுதி, ஒன்றில் ஆயங்களில் மூன்றாம் எண்ணை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். நான்கிலும் நிரல் என்ன செய்கிறது என்பதை ஓட்டுவதற்கு முன்பே தாளில் எழுதிவைத்துவிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.